ஆப்பு தளர்ந்த பாலம்: முப்பதாண்டுச் சுழற்சிக் கொள்கைக்கு ஒரு மறுப்பு

பாலச் சரிவுகளின் வரலாற்றை எழுதுவோர் 1977-இல் சிப்லியும் வாக்கரும் முன்வைத்த கொள்கையைத் தொடாமல் போவதில்லை. டீ (1847), டே (1879), கியூபெக் (1907), டக்கோமா (1940), மில்ஃபோர்ட் ஹேவன் (1970) எனச் சுமார் முப்பது ஆண்டுக்கு ஒரு பெருஞ்சரிவு என்பது அவர்கள் கண்டது. ஒரு வடிவம் நிலைத்து நின்றதும் பொறியாளர்கள் அதை மேலும் மேலும் நீட்டுகிறார்கள். சிறு பாலத்தில் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத விசை, பெரிய பாலத்தில் அதைச் சாய்க்கும் விசையாகிவிடுகிறது. ஹென்றி பெட்ரோஸ்கி இதை எடுத்தாண்டு பரப்பியபின் இது பாடநூல் செய்தி ஆயிற்று. இடைவெளிகள் 32, 28, 33, 30. வரலாறு இவ்வளவு சீராக நடக்குமென்றால் பஞ்சாங்கம் போதும், ஆய்வு எதற்கு?

கியூபெக்குக்கும் டக்கோமாவுக்கும் இவ்விளக்கம் பொருந்துகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. டே பாலத்தைப் பட்டியலில் சேர்த்த முறையில்தான் வழக்கு. அவர்களுக்கு டே என்றால் காற்று. பாலத்தை வடிவமைத்த தாமஸ் பவுச் காற்றழுத்தத்துக்குத் தனிக் கணக்கு வைக்கவில்லை என்பதும், 1879 டிசம்பர் 28 இரவுப் புயலில் உயர் கர்டர்கள் பதின்மூன்றும் ரயிலோடு ஆற்றில் விழுந்தன என்பதும் உண்மையே. ஆனால் விசாரணைச் சாட்சியங்களில் ஹென்றி நோபிள் சொன்னதை அவர்கள் எடைபோட்டதாகத் தெரியவில்லை.

நோபிள் பாலத்தின் பராமரிப்பைக் கவனிக்க வைக்கப்பட்டவர். செங்கல் வேலை தெரிந்தவர். இரும்பு வேலையில் பழக்கமில்லை. தூண்களின் அடியில் நீரரிப்பு உண்டா என்று பார்ப்பதுதான் அவருடைய முதன்மை வேலை. 1878 அக்டோபரில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே கம்பிகள் கடகடவென்று ஆடும் ஓசை கேட்டது. ஏறிப் பார்த்தால், வார்ப்பிரும்புத் தூண்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குக் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகள் தளர்ந்திருந்தன. இரும்புத் துண்டுகளை வாங்கிவந்து இடைவெளிகளில் தாமே செருகினார். ஓசை நின்றது. தூண்களில் கண்ட விரிசலைப் பவுச்சிடம் சொன்னவர், அவற்றுக்கு இரும்புப் பட்டை போடச் செய்தவர், இதைமட்டும் சொல்லவில்லை. தூண் சற்றே விலகியதால் கம்பி தளர்ந்திருந்தால், அதை நிமிர்த்தாமல் செருகிய துண்டு அந்தக் கோணலையே நிலைப்படுத்தியிருக்கும்.

பாலம் திறந்தது 1878 ஜூன் 1. அதாவது முதற் புயற்பருவம் வருமுன்பே தளர்வு தொடங்கிவிட்டது. எந்த மாதத்தில் என்று வரையறுக்கச் சான்றில்லை. கட்டும்போதே பொருத்தம் சரியாக அமையாதிருந்திருக்கலாம். எப்படியாயினும், காற்று சாய்த்தது வரைபடத்தில் இருந்த பாலத்தையன்று, ஓராண்டுக்கு மேல் கம்பி தளர்ந்து ஒட்டுப்போட்டு நின்ற பாலத்தை. முன்பு சிறிதாயிருந்த விசை பெரிதாயிற்று என்ற சூத்திரத்துக்குள் இது அடங்காது.

அப்படியானால் டே எப்படி வெறும் காற்றின் கதையாயிற்று? விசாரணை மன்றம் ஒன்று, அறிக்கைகள் இரண்டு. வழக்கறிஞரான ராத்தரி தனித்து எழுதினார். பொறியியல் அறிந்த யோலண்டும் பார்லோவும் சேர்ந்து எழுதினர். வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றிலும் பிழை என்று கூறி, மூன்றுக்கும் பவுச்சே முதற்பொறுப்பு என்றார் ராத்தரி. மற்ற இருவரும் மேற்பார்வைக் குறையைச் சுட்டினாலும் பழியை ஒருவர்மேல் சுமத்தவில்லை. அடுத்து அமைந்த காற்றழுத்தக் குழுவில் யோலண்டும் பார்லோவும் இடம்பெற்றனர், ராத்தரி இல்லை. 1881-இல் அக்குழு சதுர அடிக்கு 56 பவுண்டு என்ற அளவை வகுத்தது. எண் கிடைத்ததும் அதுவே டே பாலம் கற்பித்த பாடமாக நிலைத்தது. யார், எப்போது, என்ன தகுதியோடு ஆப்பைத் தட்டிப் பார்ப்பது என்ற கேள்வி ராத்தரியின் அறிக்கையோடு தங்கிவிட்டது. குழுவின் உறுப்பினர் பட்டியலை வைத்து இவ்வளவு சொல்வது மிகையென்று கருதுவோர் இருக்கலாம். அக்குழுவுக்கு இட்ட பணியே காற்று மட்டுந்தான் என்பதும் அவர்கள் பக்கம் நிற்கும். எனினும் பணியை அப்படிக் குறுக்கியதே நான் சொல்லவந்த மாற்றம்.

அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் தேசிய அளவில் விதி வர இன்னொரு சரிவு தேவைப்பட்டது. 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின்மீதிருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தனர். 1971-இல் பாலப் பரிசோதனைத் தரவிதிகள் நடைமுறைக்கு வந்தன. விந்தை என்னவெனில், அங்கே முறிந்த கண்துளைச் சட்டத்தில் இருந்த விரிசல் மூட்டைக் கழற்றாமல் கண்ணுக்கே தெரியாதது. பார்த்தாலும் பயனில்லாத இடத்திலிருந்து பார்க்கும் விதி பிறந்தது; காதிலேயே விழுந்த இடத்திலிருந்து பிறந்தது காற்றழுத்த எண்.

சில்வர் பாலம் சிப்லி–வாக்கர் பட்டியலில் இல்லை. 1928-இல் கட்டிய பழைய பாலம், புதுமையின் எல்லையில் நின்றதன்று என்று விலக்குவது எளிது. ஆனால் அதைத் தாங்கிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே சட்டங்கள், அதிவலு எஃகு என அதுவும் ஒரு துணிச்சலான சிக்கனமே. 1970-க்கு மூன்றாண்டே முந்தையது என்பதால் அவர்கள் பட்டியலுக்குள்ளும் இழுக்கலாம். இதற்கு என்னிடம் முடிவான விடை இல்லை. 1983-இல் விழுந்த மியானஸ் பாலத்துக்கும், 1987-இல் வெள்ளம் அடித்தளத்தை அரித்ததால் விழுந்த ஸ்கோஹாரி பாலத்துக்கும் அந்தப் பட்டியலில் இடம் தேடுவது அதைவிடக் கடினம்.