மருத்துவ அட்டையும் மூன்று ரிங்கிட் வார்டும்

2024ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், மலேசியாவில் மருத்துவ அட்டை வைத்திருந்த பலருக்குக் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயரும் என்பதே செய்தி. மாதம் 200 ரிங்கிட் கட்டியவர் இனி 280 முதல் 340 ரிங்கிட் வரை கட்ட வேண்டும். சம்பளம் வாங்கும் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். பணி ஓய்வு பெற்ற பெற்றோர் பலர், ‘போதும், அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது’ என்று அட்டையை விட்டுவிட எண்ணினார்கள்.

பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததும், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. சந்தா உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தே விதிக்க வேண்டும்; இதனால் 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்று அறிவித்தது. 60 வயதைக் கடந்து, தங்கள் திட்டத்தின் மிகக் குறைந்த தொகுப்பில் இருப்பவர்களுக்கு உயர்வு ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. சந்தா உயர்வால் 2024இல் பாலிசியை விட்டவர்கள், புதிதாக உடல்நிலைச் சோதனை எதுவுமின்றி மீண்டும் சேர வழி செய்யப்பட்டது. இந்த ஏற்பாடு 2026 இறுதி வரைக்குமானது. உயர்வு ரத்தாகவில்லை, தவணை முறைக்கு மாறியது, அவ்வளவே.

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. 2021 முதல் 2023 வரை மருத்துவக் கோரிக்கைகளின் செலவு மொத்தம் 56 விழுக்காடு கூடியது. அதே காலத்தில் சந்தா வருவாய் 21 விழுக்காடுதான் கூடியது. ஆனால் செலவு ஏன் அப்படிக் கூடியது என்பதில்தான் சண்டை. தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. கையுறை, ஊசி, மருந்து, அறை, கருவி என்று மருத்துவமனை தன் பெயரில் போடும் கட்டணங்களுக்கு அப்படி வரம்பு இல்லை. பில்லைப் பிரித்துப் படித்தவர்களுக்கு இது தெரியும். மருத்துவமனைகளோ, அட்டை இருக்கிறதென்று தேவையில்லாமல் வார்டில் படுப்பவர்களைக் காட்டுகின்றன. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சுட்டிக்காட்ட, பணம் கட்டுபவர் நடுவில் நிற்கிறார்.

இன்னொரு பக்கம் அரசாங்க மருத்துவமனை. குடிமக்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் மருந்தோடு சேர்த்து ஒரு ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் ஐந்து ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்கு மூன்று ரிங்கிட். 1982ஆம் ஆண்டு மருத்துவக் கட்டண ஆணையின் அடிப்படையில் அமைந்தவை இவை. உண்மையான செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. அதன் விலையை நோயாளி வேறு விதத்தில் கட்டுகிறார்: விடியற்காலை வரிசையில், மாதக்கணக்கில் தள்ளிப்போகும் அறுவை சிகிச்சைத் தேதியில். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றது, அந்த ஒரு ரிங்கிட் சேவையைத் தாங்குபவர்களின் நிலையை நாட்டுக்குக் காட்டியது.

தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. தோட்ட ஆஸ்பத்திரியும் ‘டிரெசர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரும் முதலாளியின் பொறுப்பில் இருந்த காலம் ஒன்று உண்டு. வசதி குறைவுதான், சில தோட்டங்களில் படு மோசம்தான். ஆனாலும் காய்ச்சல் என்றால் யாரிடம் போவது என்ற கேள்வி இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மக்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, அந்தப் பொறுப்பு யார் கைக்கும் போகவில்லை. தொழிற்சாலை வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கம்பெனியின் குழு மருத்துவ அட்டை கிடைத்தது. வேலை முடியும் நாளில் அந்த அட்டையும் பொதுவாக முடிந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீரும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் 60 வயதில் கம்பெனி அட்டையை இழந்து புதிய பாலிசி கேட்டால், நிறுவனம் மறுக்கலாம், அல்லது அந்த நோய்களையே விலக்கிவிட்டு மற்றதற்கு மட்டும் காப்பு தரலாம். பாலிசியை விடுவது எளிது. திரும்பச் சேர்வதுதான் கடினம். புதிய பாலிசியில் வழக்கமாக 30 நாள் காத்திருப்பும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பும் உண்டு.

முதலீட்டுடன் இணைந்த பாலிசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. மாதம் கட்டும் தொகை மாறாமல் இருக்கலாம். உள்ளே காப்புக்கான கழிவு வயதோடு ஏறிக்கொண்டே போகும். சேர்ந்திருக்கும் நிதி தீர்ந்ததும் பாலிசி காலாவதியாகிவிடும். ‘எண்பது வயது வரை காப்பு’ என்று முகவர் சொன்னதை நம்பியவர், எந்த வயது வரை நிதி தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

அட்டையை விடுவதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. 2024 செப்டம்பர் முதல், சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை நோயாளியே ஏற்கும் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. அந்தப் பங்கு குறைந்தது 5 விழுக்காடாகவோ 500 ரிங்கிட் தொகையாகவோ இருக்கும், சந்தாவும் குறையும். அவசரச் சிகிச்சைக்கும், புற்றுநோய், சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்றவற்றின் தொடர் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கிடையாது. அரசாங்க வார்டில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரொக்கம் தரும் பாலிசிகளும் பல உள்ளன. பலர் அதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

அட்டை இல்லாதவர்களும் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. எஸ்டிஆர் உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. மருத்துவக் கருவிகளுக்கு 20,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் அத்திட்டம் தருகிறது. வார்டு மூன்று ரிங்கிட்தான் என்றாலும், உள்ளே பொருத்தும் உலோகத் தகடு, இதயக்குழாய்க்கான ஸ்டென்ட் போன்றவற்றுக்குத் தனியே பணம் கேட்பார்கள். பில்லைப் பார்த்துப் பதறாமல் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவுக்குப் போக வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள் உதவுவார்கள். குடியுரிமை ஆவணம் இல்லாதவர்களின் கதை வேறு. இங்கேயே பிறந்து இங்கேயே பால் மரம் வெட்டியவராக இருந்தாலும், கையில் ஆவணம் இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணமே அவர்மீது விழுகிறது. காப்புறுதி பற்றிய கூட்டங்களில் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அனைவருக்கும் பொதுவான காப்புறுதி என்ற எண்ணமும் நாட்டில் ஒருமுறை எழுந்து அடங்கியது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் ‘ஒன்கேர்’ என்ற பெயரில் அது வந்தபோது, சம்பளத்திலிருந்து இன்னொரு பிடித்தமா என்று மக்கள் எதிர்த்தார்கள், கைவிடப்பட்டது. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும் என்றது. 2025இல் ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து சந்தா கட்ட விடலாமா என்ற பேச்சு எழுந்தது. முதுமைக்கென வைத்த சிறு சேமிப்பை உயரும் சந்தாவுக்குக் கொடுப்பது, ஒரு பையிலிருந்து எடுத்து ஓட்டையான இன்னொரு பையில் போடுவதாகவே படுகிறது. கடும் நோய் வந்தால் சிகிச்சைக்காக அந்தக் கணக்கிலிருந்து எடுக்க ஏற்கெனவே வழி உண்டு.

அட்டையை விட்ட ஒவ்வொரு முதியவரும் அரசாங்க மருத்துவமனையின் வரிசையில் இன்னொருவராக நிற்கிறார். அந்த வரிசையில் ஏற்கெனவே, எந்நாளும் அட்டையே வாங்க முடியாத தோட்டத்துப் பாட்டியும் நிற்கிறார். அதனால் சந்தா உயர்வு, அட்டை வைத்திருப்பவரின் தனிக்கவலையாக மட்டும் நிற்பதில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் காரணம் கேட்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.