கண்டி நாட்டிற் கட்டடப் பொருள் வாணிகம்

ஒரு நாட்டு மக்களின் நிலையை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் கோயில்களையும் மட்டும் நோக்குதல் போதாது. குடிமக்களின் வீடுகள் எப்பொருளாற் கட்டப்பட்டன, அப்பொருள் எவ்வழியாகக் கிடைத்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். கண்டி நாட்டிலே கட்டடப் பொருள் முதலிற் பதவியின் அடையாளமாக விளங்கியது, பின்னரே விலைப்பொருளாயிற்று.

1660 இற் சிறைப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681 இல் ஒரு நூல் வெளியிட்டார். பொதுமக்கள் தம் வீடுகளுக்கு ஓடு வேய்தலும் சுண்ணாம்பு பூசுதலும் தடுக்கப்பட்டிருந்தமையை அதில் அவர் குறிப்பிடுகின்றார். குடியானவனுக்கு உரியவை கம்பும் களிமண்ணும் வைக்கோலுமே. அவற்றை அவன் தன் அயலிலேயே பெற்றான். அரச கட்டடங்களுக்கு வேண்டிய உழைப்போ இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் வந்தது. இத்தகைய நிலையிற் கட்டடப் பொருள் வாணிகம் வளர்தற்கு இடமில்லை.

1815 இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும், தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் 1820களில் அமைப்பித்த கொழும்பு - கண்டிப் பெருந்தெருவுக்கும் இராஜகாரியமே கைகொடுத்தது. 1832 இல் அவ்வூழியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் உழைப்புக்குக் கூலியும் பொருளுக்கு விலையும் கொடுத்தல் இன்றியமையாததாயிற்று. 1833 இற் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டும் முதிரைமரப் பாலம் எழுந்தது. 1905 இல் அகற்றப்படும் வரை அது தச்சர் திறனுக்குச் சான்றாய் நின்றது.

கோப்பித் தோட்டங்கள் பெருகவே களஞ்சியங்களும் தொழிலாளர் லயன்களும் பெருகின. 1867 இற் புகையிரதம் கண்டியை அடைந்தது; மாட்டு வண்டியில் மலையேறிய இரும்பும் நெளிதகரமும் இனி எளிதில் வந்தன. 1880 இல் மஹய்யாவச் சுரங்கத்தினூடாகப் பாதை மாத்தளைக்கு நீண்டது. நகரத்து இரும்புக்கடைகளும் மரக்காலைகளும் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் பொருள் வழங்கின. திகனைப் பகுதியின் கல் சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று. மகாவலி மணல் தந்தது.

1950 இற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபின் வடபுலத்துச் சுண்ணக்கல்லும் நாட்டின் கட்டடங்களுக்குத் துணையாயிற்று. 1990 இற் போரினால் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பொல்கொல்லை அணை 1976 இலும், 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 இலும் திறக்கப்பட்டன. அணை மணலைத் தடுக்க, ஆற்றிலிருந்து அள்ளுவோரோ மிகுந்தனர். ஆறு தருவதற்கு மேல் அள்ளினாற் படுகை தாழும், கரையும் சரியும். வாணிகம் பெருக்கிய பொருளுக்கும் எல்லை உண்டென்பதை இது காட்டும்.

இவ்வரலாற்றிற் பெரிதும் மறக்கப்படுவோர் உழைத்தவரே. மலைநாட்டின் தெருக்களையும் தோட்டங்களையும் உருவாக்கியவருள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பெரும்பகுதியினர். அவர்க்குக் கிடைத்ததோ லயனின் ஓர் அறை. மஹய்யாவவில் நகரைத் துப்புரவு செய்வோர் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக நெருக்கமான வரிசை வீடுகளிலேயே வாழ்ந்து வந்துள்ளன. ஓடு வேயக்கூடாதென்ற அரசாணை மறைந்தது உண்மை. ஆயின் அவ்வாணை செய்த வேலையை விலை செய்யத் தொடங்கியது. ஊருக்கு வீடு கட்டியவன் தனக்கொரு வீடு கட்ட இயலும் நாளே இவ்வாணிகத்தின் வளர்ச்சி முழுமைபெறும் நாளாகும்.