மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கார் இன்சூரன்ஸ்: கொஞ்சம் வரலாறு



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சார், வேறு மாநிலத்துக்குக் குடிமாறினோம். அதே கார், அதே டிரைவர். இன்சூரன்ஸ் விதியும் கட்டணமும் மட்டும் ஏன் மாறிவிட்டன?" இதற்கு விடை வரலாற்றில்தான் இருக்கிறது.

காப்பீடு மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று 1869-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அதிகாரம் மாநிலங்களிடம் நின்றது. 1944-இல் அதே நீதிமன்றம் கருத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் மறு ஆண்டே நாடாளுமன்றம் மெக்காரன்–பெர்குசன் சட்டத்தை இயற்றி, அதிகாரத்தை மாநிலங்களிடமே ஒப்படைத்தது. அந்த ஏற்பாடுதான் இன்றும் நடக்கிறது.

சரி, கட்டாயம் எப்படி வந்தது? 1920-களில் தெருவெல்லாம் கார் பெருகியது. அடிபட்டவர் வழக்கில் ஜெயித்தாலும், இடித்தவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம்தான். இதற்கு அக்கம்பக்கத்து மாநிலங்கள் இரண்டு ஆளுக்கொரு வழி கண்டன.

கனெக்டிகட் 1925-இல் போட்ட சட்டப்படி, விபத்து நடத்தியவர் அதன்பிறகு நஷ்டஈடு கொடுக்கும் வசதி தமக்கு உண்டு என்று காட்ட வேண்டும். அப்படியானால் முதலில் அடிபட்டவர் கதி? அவருக்கு இந்தச் சட்டத்தால் எந்த உத்தரவாதமும் இல்லை! மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. 1927 ஜனவரி முதல், இன்சூரன்ஸ் இல்லாமல் காரைப் பதிவு செய்யவே முடியாது. ஒருவருக்கு 5,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 10,000 டாலர் என்று குறைந்தபட்சத் தொகை வைத்தார்கள். கட்டணத்தையும் அரசே நிர்ணயித்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எந்த மாநிலமும் இதைப் பின்பற்றவில்லை. 1956-இல் நியூயார்க், 1957-இல் வட கரோலினா என்று மெல்லத்தான் பரவியது. நியூ ஹாம்ப்ஷயரில் இன்றும் எல்லாருக்கும் கட்டாயம் இல்லை.

1971-இல் மாசசூசெட்ஸ் மீண்டும் முந்தியது. தவறு யாருடையது என்று பார்க்காமல், ஓர் அளவு வரையிலான மருத்துவச் செலவை அவரவர் இன்சூரன்ஸே கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஃபுளோரிடா, மிச்சிகன் முதலியவை பின்தொடர்ந்தன. சில மாநில பாலிசிகளில் உங்கள் காயத்துக்கென்று தனிப் பகுதி இருப்பது இதனால்தான்.

கட்டணத்திலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆம் தீர்மானம், ஓட்டுநரின் பழைய பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் மைல், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுக்கும் முதலிடம் தரச் சொன்னது. அங்கே கிரெடிட் ஸ்கோரைப் பார்த்துக் கட்டணம் போட முடியாது. பல மாநிலங்களில் போடலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயக் காப்பீடு பிறந்ததே உங்களால் அடிபடும் மற்றவருக்காக. அந்தக் குறைந்தபட்சத் தொகையும் எளிதில் ஏறுவதில்லை. கலிபோர்னியாவில் 1967-இல் வைத்த தொகை இது: ஒருவர் காயத்துக்கு 15,000, ஒரு விபத்துக்கு 30,000, பொருள் சேதத்துக்கு 5,000 டாலர். 2024 முடியும்வரை இதில் ஒரு டாலர்கூட ஏறவில்லை. 2025 ஜனவரி முதல்தான் 30,000, 60,000, 15,000 ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு எங்கே போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் தொகைக்கு மேல் தீர்ப்பானால், மீதிக்கு உங்கள் சேமிப்பும் சம்பளமும்தான் பொறுப்பு.

ஆகவே, "சட்டம் கேட்பது இவ்வளவுதான்" என்று நிறுத்திவிடாதீர்கள். கூடுதல் தொகைக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். காப்பு இரட்டிப்பானால் கட்டணமும் இரட்டிப்பாகும் என்பதில்லை. இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் உதவும் காப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவும் அந்தக் காரில்தானே உட்காருகிறார்கள்!

இன்றே பாலிசியை எடுத்து முதல் பக்கத்தில் உள்ள எண்களைப் படியுங்கள். அக்கரையில் உள்ள நம் பிள்ளைகளுக்கும் இதை அனுப்பி வையுங்கள்.

நலமுடன் சென்று வாருங்கள்.
அன்புடன், உங்கள் ஆசிரியர்.