முதல் பைக்கும் கொடைக்கானல் இறக்கமும்

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "முதல் பைக் வாங்கினதும் கொடைக்கானல் போகணும், எத்தனை சிசி எடுக்கலாம்?" ஏறுறதுக்கு எவ்வளவு பவர் வேணும்னுதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. இறங்குறதைப் பத்தி யாரும் கேட்கிறதில்லை. நம்ம ஊர் பைக் வரலாறை இறக்கத்துல இருந்து பார்ப்போம்.

1845-ல அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல வீடு கட்டினப்போ வண்டிப் பாதையே கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து குதிரையில ஏறினாங்க, இல்லன்னா நாற்காலியில உட்கார வெச்சுக் கூலியாட்கள் தோள்ல சுமந்தாங்க. வத்தலக்குண்டுல இருந்து ஏறுற மலைப்பாதை, லா காட் ரோடு, முதல் உலகப்போர் காலத்துலதான் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்துச்சு.

இப்ப பைக்குக்கு வருவோம். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுல என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல புல்லட் தயாராச்சு. ஃபோர்-ஸ்ட்ரோக், கனமான வண்டி. கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. புதுசா ஓட்டுறவங்களுக்கு அதுவே ஒரு பரீட்சை. ஆனா கியர்ல போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டா, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

1980-ல டிவிஎஸ் 50 வந்துச்சு. நிறைய வீடுகள்ல அதுதான் முதல் வண்டி. 1985-ல யமஹா ஆர்எக்ஸ் 100. நூறு கிலோ அளவுதான் எடை, 11 குதிரைத்திறன், மேட்டுல பறக்கும். ரெண்டுமே டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் அளவுக்கு இந்த என்ஜின்கள் இறக்கத்துல இழுத்துப் பிடிக்காது. மொபெட்ல இன்னொரு சிக்கலும் உண்டு. ஆயில் பெட்ரோலோட கலந்தே போகுது. ஆக்ஸிலரேட்டரை மூடிட்டு நீளமா இறங்கினா, பெட்ரோலோட சேர்ந்து ஆயிலும் குறையும். பாரம் முழுக்க டிரம் பிரேக் மேல விழும். அது சூடாகிட்டா லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. ஆர்எக்ஸ் 100-ஐ இன்னைக்கும் கொண்டாடுறாங்க, கொண்டாடட்டும். மலையிறக்கம் பழகுறவங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அதே 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்துச்சு. சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக், மைலேஜுக்காக வாங்கினாங்க. என் கணக்குல மலைக்கு ஏத்த நல்ல குணம் அதுல சத்தமில்லாம வந்துடுச்சு.

2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆனா சிங்கிள் சேனல்னா முன்சக்கரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். பெருமாள்மலைப் பக்கம் மழையும் மூடுபனியும் இருக்கிறப்ப பின்சக்கரம் பூட்டிக்கிட்டா அது காப்பாத்தாது. பட்ஜெட் இடம் கொடுத்தா டூயல் சேனல் எடுங்க. இல்லன்னா 125 சிசி போதும். ரெண்டு காலும் தரையில நல்லா ஊன்றணும், அதுதான் முக்கியம்.

பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்குற பழக்கம் இன்னும் இருக்கு. 1914-ஓ 2024-ஓ, அந்த வளைவுகள் அதேதான். எந்த கியர்ல ஏறினீங்களோ, அதே கியர்ல இறங்குங்க. முதல்ல சிறுமலை மாதிரி சின்ன மலையில நாலு தடவை ஏறி இறங்கிட்டு, அப்புறம் வத்தலக்குண்டு பக்கம் திரும்புங்க.