நாள் குறித்தலும் நாள் தள்ளுதலும்

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு தேதியின் கனம் நன்கு தெரியும். முகூர்த்தப் புடவை முகூர்த்தத்திற்கு முன்னரே பெண் வீட்டாரிடம் போய்ச் சேர்தல் வேண்டும். மறுநாள் சேர்ந்தால் அது விலை உயர்ந்த துணியே அன்றி முகூர்த்தப் புடவை ஆகாது. ஆயின், கோர்வைப் புடவையை விரைவுபடுத்த முடியுமோ? இரு பக்கக் கரைக்கும் நடு உடலுக்கும் தனித்தனி நாடா. மொத்தம் மூன்று நாடா ஓடும். பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள, ஒவ்வோர் ஊடையிலும் உடலிழையும் கரையிழையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பற்றாமல் விட்ட இடம் தறியிலிருக்கும்போது தெரியாது. கட்டி நடக்கும்போது தெரியும்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பட்டின் வரலாறு அன்று. கணிப்பொறியை இயக்கும் மென்பொருள்களில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றொரு வகை உண்டு. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அதனை ஆக்குவோரில் பெரும்பாலோர் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர். ஒருவர் முகத்தை ஒருவர் காணாதவர். கூலியும் இல்லை, முதலாளியும் இல்லை என்னும் இடத்தில், ‘இன்ன நாளில் வெளியிடுவோம்’ என்று யார் சொல்வது? சொன்ன நாள் தவறினால் யார் பொறுப்பு? இவ்வினாவிற்கு நாற்பது ஆண்டுகால வரலாறு உண்டு. மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் ‘குனூ’ என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். கருவிகள் ஒவ்வொன்றாய் வந்தன. ஆயின் நடுவே இருந்து எல்லாவற்றையும் இயக்கும் கரு மட்டும் வந்தபாடில்லை. அவ்விடத்தை நிரப்பியது, 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ‘லினக்ஸ்’. 1992 மார்ச்சு மாதத்தில் அவர் தம் பதிப்பிற்கு 0.95 என்று எண்ணிட்டார். முழுமையான 1.0 அண்மையில் வந்துவிடும் என்பது அந்த எண்ணின் பொருள். ஆனால் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலைப்பின்னல் பகுதி செவ்வனே அமையவில்லை. 0.96 வந்தது, 0.97, 0.98 வந்தன, அவ்வாண்டின் இறுதியில் 0.99உம் வந்தது. அதற்கு மேல் எண் இல்லை! ஆகவே 0.99இன் கீழேயே ஒன்று, இரண்டு, மூன்று எனத் திருத்தங்களை எண்ணிப் பதினைந்துவரை போனார்கள். 1.0 வெளிவந்தது 1994 மார்ச்சு 14ஆம் நாள். இரண்டாண்டு தாமதம் என்று இதனைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கோ அதில் ஒரு நேர்மை தெரிகிறது. முடியாததை முடிந்ததென்று சொல்ல மறுத்த நேர்மை அது.

அவசரத்தின் விளைவுக்கும் ஒரு சான்று தருகிறேன். 1993இல் தொடங்கப்பெற்ற ‘டெபியன்’ திட்டத்தார் 1.0 பதிப்பை ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், குறுந்தட்டு விற்பனை நிறுவனம் ஒன்று, அரைகுறையாக இருந்த வளர்ச்சிப் படியை எடுத்து, ‘டெபியன் 1.0’ என்று பெயரிட்டு விற்றுவிட்டது. வாங்கியோர்க்கு அது சரிவர இயங்கவில்லை. பெயர் கெட்ட எண்ணைத் திட்டத்தார் அப்படியே கைவிட்டு, 1996 சூன் மாதத்தில் 1.1 என்றே தம் பதிப்பை வெளியிட்டனர். டெபியன் வரலாற்றில் 1.0 என்னும் படிக்கட்டு இன்றும் காலியாகவே உள்ளது.

அப்பட்டறிவுதான் போலும், டெபியன் திட்டத்தாரிடம் ‘ஆயத்தமானபோது வெளியிடுவோம்’ என்னும் வழக்கம் வேரூன்றியது. இவ்வழக்கத்திற்கும் விலை உண்டு. பொம்மைகள் கதைமாந்தராக வரும் திரைப்படம் ஒன்றிலிருந்து அவர்கள் தம் பதிப்புகளுக்குப் பெயரிடுவர். ‘வுடி’ 2002 சூலையில் வந்தது. அடுத்த ‘சார்ஜ்’ 2005 சூன் மாதத்தில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்றாண்டு! பழைய பதிப்போடு புதிய கணிப்பொறி ஒத்துப்போகாமல் பயனர்கள் அல்லலுற்றனர். இடையில் நிகழ்ந்த ஒரு செய்தி குடிமையியல் பாடத்தில் வைக்கத்தக்கது. நிரல்கள் மட்டுமன்றி, ஆவணங்கள் உள்ளிட்ட அனைத்துமே கட்டற்றவையாக இருத்தல் வேண்டும் எனத் தம் சமூக ஒப்பந்தத்தை 2004இல் உறுப்பினர்கள் வாக்களித்துத் திருத்தினர். திருத்திய பின்னரே, அதன்படி நடந்தால் பல பகுதிகளை நீக்க வேண்டிவரும், சார்ஜ் மேலும் தள்ளிப்போகும் என்பது வெளிப்பட்டது. மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. சார்ஜ் வெளிவரும்வரை அத்திருத்தம் நடைமுறைக்கு வாராது என்று முடிவாயிற்று. கொள்கையை விட்டார்களா என்றால், இல்லை. கொள்கைக்கு நாள் குறித்தார்கள். இதனைச் சமரசம் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ‘எட்ச்’ பதிப்புக்கு 2006 திசம்பர் 4ஆம் நாள் என்று முன்கூட்டியே நாள் குறித்தனர். நாள் தவறக்கூடாது என்பதற்காக உறுப்பினர் சிலர் நன்கொடை திரட்டி, வெளியீட்டுப் பொறுப்பாளர் இருவர்க்கு ஒவ்வொரு மாத முழுநேர ஊதியம் அளிக்க ஏற்பாடு செய்தனர். நல்லெண்ணந்தான். ஆயின், ‘ஆயிரம்பேர் ஊதியமின்றி உழைக்கையில் இருவர்க்கு மட்டும் ஏன்?’ என்னும் மனக்கசப்பு மூண்டது. சிலர் தம் பணியைக் குறைத்துக்கொண்டனர். குறித்த நாள் வந்தது, போயிற்று. எட்ச் 2007 ஏப்ரல் 8ஆம் நாள் வெளிவந்தது. தாமதத்திற்குக் காரணம் இக்கசப்பொன்றே எனல் ஆகாது. தீராத பிழைகளும் இருந்தன. ஆயினும், கூலிக்கு நெய்யும் தறியும் கோயிலுக்கு இழுக்கும் வடமும் ஒன்றல்ல என்பதைக் காஞ்சியில் எந்தச் சிறுவனும் அறிவான். வடம் பிடிக்கும் கூட்டத்தில் இருவர்க்கு மட்டும் கூலி கொடுத்துப் பாருங்கள்!

டெபியனை அடியாகக் கொண்டு 2004 அக்டோபரில் பிறந்தது ‘உபுண்டு’. இவர்கள் வழி வேறு: ஆறு மாதத்திற்கு ஒருமுறை, குறித்த காலத்தில், இரயில் புறப்படுவதுபோல் பதிப்பு புறப்படும், ஏறாத வசதி அடுத்த வண்டியில் வரும். பதிப்பின் எண்ணே ஆண்டும் மாதமும் ஆகும். 2006 ஏப்ரல் 20ஆம் நாள் வரவேண்டிய பதிப்பின் எண் 6.04. ஆனால் அது நெடுங்காலம் பேணப்படவிருந்த முதற் பதிப்பு. மேசைக் கணிப்பொறிகளில் மூன்றாண்டும் வழங்கிகளில் ஐந்தாண்டும் பாதுகாப்புத் திருத்தம் தருவதாக வாக்களித்திருந்தனர். ஐந்தாண்டு நிற்கப்போகும் வீட்டின் அடித்தளத்தை ஆறு வாரம் கூடுதலாகப் பார்த்தால் என்ன? மார்ச்சு மாதத்தில், திட்டத்தை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த் இதனை ஒரு யோசனையாக எல்லோர் முன்னும் வைத்தார். சோதனைக்கும், சான்றளிப்புக்கும், பிறமொழிப் பெயர்ப்புக்கும், மெருகுக்கும் காலம் தேவை என்பது அவர் கூற்று. விவாதித்தனர்; இசைந்தனர். சூன் 1ஆம் நாள் பதிப்பு வந்தது. நாள் மாறவே எண்ணும் 6.06 என மாறிற்று. தாமதத்தைத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டு உலகிற்கு வந்த பண்டம் வேறொன்றை நான் அறியேன்.

இதனோடு ‘பெடோரா’ 18ஆம் பதிப்பை ஒப்பிடுக. 2012 நவம்பர் தொடக்கத்தில் வரவேண்டியது, நிறுவும் நிரலைப் புதிதாக எழுதப் புகுந்ததால் ஒரு வாரம், மீண்டும் ஒரு வாரம் எனத் தள்ளித் தள்ளி, 2013 சனவரி 15ஆம் நாள் வந்தது. மொத்தத் தாமதம் பத்து வாரந்தான். ஆயினும் ஒருமுறை ஆறு வாரம் என்று அறிவிப்பதும், ‘அடுத்த வாரம்’ என்று பலமுறை அறிவிப்பதும் கேட்போர்க்கு ஒன்றாகா. தேர்வு தள்ளிப்போகும்போது மாணவர் முகத்தைப் பார்த்த எந்த ஆசிரியர்க்கும் இதற்கு விளக்கம் வேண்டா.

மொழிபெயர்ப்பு என்று சொன்னேன் அன்றோ? அது நமக்கு உரிய பகுதி. வெளியீட்டிற்குச் சில வாரம் முன்பு, திரையில் தோன்றும் சொற்களை இனி மாற்றுவதில்லை என்று நிறுத்தி வைப்பர். இதற்கு உறைநிலை என்று பெயர். அதன்பின் எஞ்சிய நாள்களில்தான் தமிழ்ப்படுத்தும் தன்னார்வலர் ஆயிரக்கணக்கான தொடர்களைச் சரிபார்த்தல் வேண்டும். நாள் தள்ளிப்போனால் நிரல் எழுதுவோர் சலித்துக்கொள்வர், மொழிபெயர்ப்போர் மூச்சுவிடுவர். உறைந்த பின்னர் எவரேனும் ஒரு சொல்லை மாற்றினால், செய்து முடித்த தொடர் மீண்டும் ஆங்கிலமாய்த் திரையில் நிற்கும். ‘சேமி’, ‘நீக்கு’ என்று நாம் எளிதாக அழுத்தும் சொற்களுக்குப் பின்னால் இத்தகைய இரவுகள் உள்ளன.

தமிழுக்கு இத்தகைய காத்திருப்பு புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் ஓர் இலட்ச ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிற்று. ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தன. பிற்சேர்க்கை 1939இல் முடிந்தது. செலவு நான்கு இலட்சத்தைக் கடந்தது. இடையில் எத்தனை கண்டனம் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆயினும் இன்று இணையத்தில் தமிழ்ச் சொல்லொன்றுக்குப் பொருள் தேடுவோர் அதே பேரகராதியைத்தான் புரட்டுகின்றனர்.

டெபியன் திட்டத்தார் இன்று இரு வழியையும் கலந்து நடக்கின்றனர். உறைநிலை தொடங்கும் நாளை முன்னரே அறிவிப்பர். வெளியீட்டு நாளை மட்டும், பெரும் பிழைகள் குறைந்த பின்னரே குறிப்பர். 12ஆம் பதிப்பு 2023 சூன் 10ஆம் நாளும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டு 9ஆம் நாளும் வந்தன. தீராத பிழைகளின் பட்டியல் எவரும் காணும்படி திறந்தே இருக்கும். எண்ணிக்கை நாளும் ஏறி இறங்குவதைப் பள்ளி மாணவரும் பார்க்கலாம். முடிந்தால் ஒன்றைக் குறைக்கலாம். நம் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு. அங்கே போய்க் கேட்டால் எந்தப் பிழையிலிருந்து தொடங்குவது என்று வழிகாட்டுவர்.