தொடுதோலும் நெடுவழியும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளை அடுத்துள்ள கிள்ளைக்கு ஆண்டுதோறும் மாசிமகத்தன்று ஒரு பெரிய விருந்தாளி வருகிறார். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயிலின் உற்சவ மூர்த்தியே அவர். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடந்து வந்து, முழுக்குத்துறைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்கிறார். கிள்ளைத் தர்காவின் சார்பில் இஸ்லாமியப் பெருமக்கள் அவரை எதிர்கொண்டு சிறப்புச் செய்வதை நண்பர்கள் அறிவர். அது குறித்துப் பலரும் நிறையவே எழுதிவிட்டனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அத்தனை பெருமை வாய்ந்த பொருளன்று. நெடுவழி நடந்தவர்களின் செருப்பு.

மேலை நாடுகளில் நெடுந்தொலைவு நடப்போர் இதற்கெனக் கணக்கு ஒன்று வைத்திருக்கின்றனர். ஓர் இணைக் காலணி ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். பிறகு மாற்றியாக வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்குமாதலால் சற்றுப் பெரிய அளவே வாங்க வேண்டும். புதிய இணையை வழியிலுள்ள ஊர் அஞ்சலகத்திற்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பாரும் உளர். 1955இல் தம் 67ஆம் வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழியைத் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட் அம்மையார், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் ஆறேழு இணைக் கான்வாஸ் காலணிகளைத் தேய்த்தார் என்பர். பழைய ஜப்பானிய வழிப்போக்கர் நிலை இன்னும் எளிது. அவர்கள் அணிந்த வைக்கோற் செருப்பு ஓரிரு நாளில் நைந்துபோகும். மாற்று இணைகளை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தனர்.

இக்கணக்கின்படி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக்கு மாற்றுச் செருப்பு வேண்டியதில்லை. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்புப் படைக்கும் (ஏறத்தாழ 240 கிலோமீட்டர்) ஓர் இணை போதும். 1983இல் கன்னியாகுமரியிலிருந்து தில்லி வரை 4,260 கிலோமீட்டர் நடந்த சந்திரசேகருக்கோ ஆறு முதல் ஒன்பது இணை வரை தேவைப்பட்டிருக்கும். கணக்கு எளிதுதான். நம் வரலாற்றில் யாருடைய செருப்புக்காக அது போடப்பட்டது என்பதே நம் வினா.

சங்க காலத்தில் வழிநடைக்குச் செருப்பு அணிவது இயல்பான செயலாகவே தோன்றுகிறது. 'தொடுதோல்' என்னும் அழகிய சொல் அக்காலத்தது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வணிகர், பாதம் மறையும்படி அணிந்தே நெடுவழி செல்கின்றனர். பதிற்றுப்பத்திலோ, செருப்பு என்னும் பெயருடைய மலையைச் சுட்ட வந்த புலவர், இது காலால் மிதிக்கும் செருப்பன்று என வேறுபடுத்துகிறார். கேட்போர் மனத்தில் காற்செருப்பே முதலில் தோன்றும் என்று அவர் அறிந்திருந்தார்!

பின்வந்த காலத்தில், நடந்து தேய்ந்த செருப்புக்கு மாற்று என்னும் எண்ணம் முறையாக வளர்ந்தது தெய்வங்களுக்காகவே. கரூரை அடுத்த தான்தோன்றிமலை வேங்கடரமணர்க்குச் 'செம்மாலி' சாத்தும் வழக்கம் உண்டு. செம்மாலி என்பது பெரிய தோற்செருப்பு. திருப்பதி வேங்கடவர்க்கும் இவ்வாறே படைப்பர். இறைவன் இரவில் நடமாடுகிறான், ஆகவே செருப்புத் தேய்கிறது, ஆகவே புதியது வேண்டும் என்பதே நம்பிக்கை. தைப்பவர்க்குக் கனவில் அளவு உணர்த்தப்படும் என்றும் சொல்வர். அளவு, தேய்மானம், மாற்று ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. நெடுநடைக்காரர் வகுக்கும் திட்டத்தில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

மனிதர் மட்டும் வெறுங்காலோடு நடந்தனர். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்காகச் சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடப்போர், கடலூர், சிதம்பரம் வழியே காவியுடை அணிந்து செல்வதை ஆண்டுதோறும் காணலாம். அவர்களுள் பலர் செருப்பு அணிவதில்லை. பழனிக்குக் காவடி எடுப்போரும் அப்படியே. இது நோன்பு, விரும்பி ஏற்பது. வீடு திரும்பியதும் செருப்பு காத்திருக்கும்.

விரும்பாத வெறுங்காலும் இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிந்துள்ளார். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. தோலைப் பதப்படுத்துவதும் தைப்பதும் எவர் தலையில் சுமத்தப்பட்டனவோ, அவர் காலுக்கே அது மறுக்கப்பட்டது. தில்லையை நினைத்து உருகிய நந்தனாரைச் சேக்கிழார் அறிமுகம் செய்யும்போது, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்தவர் என்கிறார். அவர் அளித்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவரோ ஊர் எல்லையில் நின்றார். நோன்பின் வெறுங்காலையும் தடையின் வெறுங்காலையும் 'எளிமை' என்னும் ஒரே சொல்லால் போற்றுவோரை இன்றும் காண்கிறோம். இது நமக்கு உடன்பாடன்று.

இதற்கு மாறான காட்சி ஒன்று கடல் கடந்த தமிழரிடையே கிடைக்கிறது. 1910இல் ஜோஹானஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் பலர் தங்கினர். நகரம் இருபத்தோரு மைல் தொலைவு. சொந்த வேலையாகச் செல்வோர் நடந்தே போய்வர வேண்டும் என்பது பண்ணையின் விதி. அத்தனை நடைக்குச் செருப்பு வேண்டுமல்லவா? காந்தியின் நண்பர் காலன்பாக், மரியான்ஹில் கிறித்தவ மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். வைணவ வணிகக் குடியில் பிறந்த காந்தி அவரிடம் கற்றார். கற்க விரும்பிய பண்ணைவாசிகளுக்கும் கற்பித்தார். நடப்பவரே தோலை அறுத்து, வாரைக் கோத்து, தேய்ந்தபோது தம் கையாலேயே மாற்றும் ஏற்பாடு அது. மூன்றாண்டுகள் கழித்து, 1913 நவம்பரில், நியூகாசில் பகுதிச் சுரங்கத் தொழிலாளர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அவர்களுள்ளும் தமிழர் மிகுதி.