மாமன் மகளும் வதிவிட வீசாவும்: மலையகத் தோட்டங்களில் மணவுறவின் வரலாறு

வெளிநாட்டவரான கணவனையோ மனைவியையோ தன்னுடன் வாழ அழைத்துவருதல் என்பது இன்று விண்ணப்பப் படிவம், திருமணப் பதிவுச் சான்றிதழ், வருமானச் சான்று, வதிவிட வீசா ஆகியவற்றோடு சேர்த்தே பேசப்படும் விடயமாகிவிட்டது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், இவ்விடயம் வந்து சேர்ந்த வழி வேறு. அங்கு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாக்குநீரிணையின் இரு கரைகளுக்கும் இடையே ஒரே உறவுமுறைக்குள் நிகழ்ந்துவந்தன. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மணமுடித்து அழைத்துவரப்பட்ட பெண்ணை அயல்நாட்டவள் என்று எவரும் கருதியதில்லை. 1948க்கும் 1964க்கும் இடைப்பட்ட 16 ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களும் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தமும் முதலில் அந்த மாமன் மகளை வெளிநாட்டுப் பிரஜையாக்கின. பின்னர், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளருக்கெனத் தோட்ட நிருவாகம் கட்டிய நீண்ட வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்தவர்களையும் இரு நாட்டவராகப் பிரித்துவைத்தன.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்கு வந்தோருள் பெரும்பாலோர் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியில் கால்நடையாக ஏறி, பருவம் முடிந்ததும் அதே வழியில் ஊர் திரும்பியவர்களுக்குக் குடும்பத்தை உடன் அழைத்துவரும் தேவை அதிகம் இருக்கவில்லை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதுதான் நிலைமை மாறிற்று. தேயிலைக் கொழுந்து பருவம் பார்த்துத் துளிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கு ஒருமுறை அதே மலையில் கொழுந்தெடுத்தாக வேண்டும். அந்த வேலையைப் பெண்களின் கைகளே செய்தன. ஆகவே பெண் இன்றித் தேயிலைத் தோட்டம் இல்லை என்ற நிலை ஏற்பட்டு, குடியேற்றம் குடும்பக் குடியேற்றமாயிற்று. ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது இம்மாற்றத்துக்குப் பெரிதும் துணைசெய்தது.

அக்காலத்தில் மனைவியை அழைத்துவருவதற்கான ஏற்பாட்டைச் செய்தவர் கங்காணி ஆவார். கங்காணி என்பவர் தம் ஊரிலும் சாதியிலும் உறவிலும் இருந்து ஆள் திரட்டி, அவர்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துவந்து, தோட்டத்தில் அவர்களை மேய்த்து வேலை வாங்கியவர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு என்னும் சிறு தொகை அவருக்குக் கிடைத்தமையால், தம் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞன் ஊருக்குப் போய்ப் பெண் கட்டிக்கொண்டு திரும்புவதில் அவருக்கும் ஆதாயம் இருந்தது. கல்யாணச் செலவுக்கான முன்பணம் கடனாகப் பெயரில் ஏறியது. தொழிலாளி தோட்டம் மாறும்போது அக்கடன் துண்டு எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டு அவனுடனேயே சென்றது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, மணமகளின் வருகைக்கு இடப்பட்ட விலை அச்சீட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தது என்று சொல்லலாம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரச் சீட்டு முறை இப்பயணத்தை ஒழுங்குபடுத்திற்று. தோட்டத்தைக் குறிக்கும் எண்கள் வெட்டப்பட்ட சிறு உலோக வில்லை அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணியப்பட்டது. அதை அணிந்தவருடைய வழிச்செலவு முழுவதும் குறிப்பிட்ட தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இவ்வேலையைக் கவனித்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் பயணம் எளிதாயிற்று. மணமகளிடம் எவரும் நாட்டுரிமை கேட்கவில்லை. அவள் கழுத்தில் தாலியும் தகர வில்லையும் தொங்கின. அவள் எந்த மலைக்குப் போகிறாள் என்பதை அந்த வில்லையின் எண்ணே சொல்லிற்று. இதைப் பொற்காலமாகக் கொள்வதற்கில்லை. வேலை செய்யும் கையாகக் கணக்கிடப்பட்டதாலேயே அவளுக்கு வழி திறந்திருந்தது; 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்றே வகுத்தது.

இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள உறவுமுறையைக் கவனிப்பது இன்றியமையாதது. மாமன் மகள், அத்தை மகன் ஆகியோரை மணமுடிக்கும் முறை வழக்கிலிருந்த சமூகங்களில் உரிமைப் பெண் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் ஊரிலேயே இருந்தாள். அவளை விட்டுவிட்டுத் தோட்டத்திலேயே பெண் தேடுவது, சொந்தம் விட்டுப்போவதற்கு ஒப்பானது. அவ்வாறு வந்தவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதும், தம்பியின் கல்யாணத்துக்கோ தாயின் சாவுக்கோ ஊர் சென்று சில மாதங்கள் தங்கி மீள்வதும் எளிய குடும்ப வழக்கங்கள். திருமணமோ தோட்டத்து மாரியம்மன் கோயிலிலோ ஊர்க் கோயிலிலோ தாலி கட்டுவதோடு நிறைவேறியது. அதைப் பதிவு செய்யும் வழக்கம் அரிதாகவே இருந்தது. எந்தக் குற்றமும் இல்லாத இவ்வழக்கங்கள் ஒவ்வொன்றும் பிற்காலச் சட்டத்தின் முன் குறைபாடாக எண்ணப்பட்டமையே இவ்வரலாற்றின் கொடுமையான பகுதி.

இக்கொடுமை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண நீதிமன்றம் 1913 மார்ச்சில் வழங்கிய சேர்ல் தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடைபெறாத திருமணத்தின்வழி வந்த மனைவிக்குக் குடிவரவு உரிமை இல்லை என்ற நிலையை உருவாக்கி, அங்கு வாழ்ந்த இந்தியருள் பெரும்பாலோரின் இல்லறத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. காந்தியின் மனைவி கஸ்தூரிபாய் உள்ளிட்ட பெண்கள் சிறை சென்றதும், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயுடன் மீண்டு 1914 பிப்ரவரியில் உயிர் நீத்ததும் அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில்தான். அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியை அழைத்துவரும் உரிமையை ஏற்றது. மனைவி என்பவள் யார் என்று வரையறுக்கும் அதிகாரம் குடிவரவு அலுவலரின் கைக்குச் சென்றால் என்ன நேரும் என்பதை மலையகம் அறிவதற்கு 35 ஆண்டுகள் முன்னரே தமிழ்ப் பெண்கள் வேறொரு மண்ணில் அறிந்திருந்தனர்.

இலங்கையில் முதல் தடை இந்தியாவிலிருந்து வந்தது. இந்தியத் தினக்கூலி ஊழியரை இலங்கை அரசு வேலை நீக்கம் செய்ததற்கு எதிர்வினையாக, தொழிலாளர் இலங்கைக்குப் புலம்பெயர்வதை இந்திய அரசு 1939 ஆகஸ்ட் 1ஆம் திகதி தடை செய்தது. அதன் பின்னர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை எனக் கருதப்படுவதற்கு அவருடைய தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. தாயின் பிறப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் பிரஜையல்லாதவர் நாட்டுக்குள் வருவதற்கும் வதிவதற்கும் வீசாவைக் கட்டாயமாக்கிற்று. பேர்ப் பதிவில், அதாவது தோட்டத்தின் செக்ரோலில், மூன்று தலைமுறையாகப் பெயர் கொண்டிருந்தவர்கள் நாடற்றவராயினர். நாடற்றவர் தம் மனைவியை எந்த நாட்டின் பிரஜை என்ற தகுதியில் அழைப்பது என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடையே இருக்கவில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் பதிவின் மூலம் பிரஜையாவதற்கு ஒரு வழி காட்டியது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இடையறாது வதிந்திருக்க வேண்டும்; அத்துடன் மணமான ஆணின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இலங்கையில் தொடர்ந்து வதிந்துவந்தமையையும் அவன் நிறுவ வேண்டும். 12 மாதங்களுக்கு மேற்பட்ட வெளியூர்த் தங்கல் வதிவின் தொடர்ச்சியை முறித்தது. தாய்வீட்டுப் பிரசவம், குழந்தை நடக்கும் வரை பாட்டியிடம் விட்டிருத்தல், மாமியாரைப் பார்த்துக்கொள்ள மனைவி ஊரிலேயே தங்குதல் என்னும் வழக்கங்கள் இவ்விதியின் முன் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் நுவரெலியா மலையில் கவ்வாத்து வெட்டிய ஒருவன், தன் மனைவி எங்கு இருந்தாள் என்பதற்காகத் தகுதி இழக்க நேர்ந்தது. தோட்டத் தமிழரின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் விண்ணப்பிக்கத் தீர்மானித்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் முடிந்த காலக்கெடுவுக்குள் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவர்களுள் சுமார் 1,34,000 பேரே பதிவுப் பிரஜைகளாயினர்.

சட்டவழி அடைபட்டபோது வேறு வழியில் மனிதர் வந்தனர். வேலைக்காகவும் உறவுக்காகவும் மன்னார்க் கரையில் இரவில் வந்திறங்கியோரைக் குறித்த கள்ளத்தோணி என்னும் சொல், 1950களிலும் 60களிலும் காவலரும் படையினரும் நடத்திய சோதனைகளுக்கிடையே, மெல்ல மலையகத் தமிழர் எவரையும் இழிக்கும் வசைச்சொல்லாக மாறிற்று. முறைப்படி வந்து சேர்ந்து பிள்ளை பெற்று வாழ்ந்த பெண்ணும் அச்சொல்லுக்குத் தப்பவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரின் நாட்டைத் தீர்மானித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். அந்த எஞ்சியவர்கள் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எழுவர் இந்தியாவுக்கு எனில் நால்வர் இலங்கைக்கு என்ற விகிதத்தில் நடந்த இக்கணக்கில், வயது வந்த மகனும் மகளும் தனித்தனியே விண்ணப்பித்தமையால், பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டும் மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் தோன்றின. அதன் விளைவு கல்யாணப் பேச்சிலும் நுழைந்தது. சாதி, சொந்தம், சாதகம் ஆகியவற்றோடு, மாப்பிள்ளை ‘இந்தியாப் பாஸ்போர்ட்டா, சிலோன் பிரஜையா’ என்பதும் கேட்கப்பட்டது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர், தாயகம் திரும்பும் நாள் வரும் வரை, அல்லது 55 வயது நிறையும் வரை, வேலையில் நீடிக்கலாம் என ஒப்பந்தம் கூறியது; ஆனால் அவரை மணந்த இலங்கைப் பிரஜைக்குத் தன் துணையை நிலையாக உடன் வைத்துக்கொள்வதற்கு அது எந்த உறுதியும் தரவில்லை. உடன் செல்வது, அல்லது பிரிவது என்ற இரண்டே வழிகள் பலருக்கு எஞ்சின.

ஹட்டன், தலவாக்கலை ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். கோச்சி என்பது ரயிலுக்கு அவர்கள் வழங்கும் பெயர். சாவு வீட்டில் பாடப்படும் ஒப்பாரி ஒரு வண்டிக்குப் பெயராயிற்று என்றால், மேடையில் நின்றவர்களும் சன்னல் கம்பியைப் பற்றியிருந்தவர்களும் மீண்டும் சந்திப்போம் என்று நம்பவில்லை என்பதே அதன் பொருள். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்துவிட்டமையால் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம், அதன் பின் நீலகிரியிலும் பிற இடங்களிலும் மறுவாழ்வு. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தொடங்கப்பட்ட அரசு தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் பிடித்தது அதே கொழுந்துதான். அங்கு அவர்களுக்குக் கிடைத்த பெயரோ சிலோன்காரர். கோத்தகிரியில் இருந்த தாய்க்கும் மஸ்கெலியாவில் இருந்த மகளுக்கும் இடையே இப்போது இரு கடவுச்சீட்டுகள் நின்றன.

இலங்கையின் உள்நாட்டுப் போரின் காரணமாக 1984இல் கப்பல் நின்றது. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதென 1982இலேயே இந்தியா கருதத் தொடங்கியிருந்தது. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கப்பல் ஏறாத பல்லாயிரவர் இந்தியப் பிரஜைகளாகவே தோட்டங்களில் தங்கினர். நடைமுறையில் அவர்கள் எங்கும் செல்லாத வெளிநாட்டவர். அவர்களுள் பலருடைய பிள்ளைகளுக்கு எந்த நாடும் இருக்கவில்லை. இந்தியாவின் பங்கில், அந்நாட்டுக்கு விண்ணப்பித்திருந்த 5,06,000 பேர் போக, எஞ்சிய 94,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்க 1986இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1988இல் மற்றொன்று தொடர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இம்முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது: 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்தவரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளாவர் என்றும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கூட ஓர் உறுதிக்கூற்றின் மூலம் இலங்கைப் பிரஜையாகலாம் என்றும் அது கூறியது. அதே ஆண்டில் மூலப் பிரஜாவுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, இலங்கைப் பெண் வெளிநாட்டவரை மணந்து பெற்ற பிள்ளைக்குத் தாய்வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்க வழி பிறந்தது. 55 ஆண்டுகளாகத் தந்தையை மட்டுமே கண்ட சட்டம் தாயைக் கண்டது அப்போதுதான்.

இன்று ஹட்டனில் வாழும் ஒருவர் தமிழகத்துப் பெண்ணை மணந்தால், பதிவுத் திருமணச் சான்றிதழைக் கொண்டு, இலங்கைப் பிரஜையின் துணைக்குரிய வதிவிட வீசாவை அவளுக்குக் கோரலாம். குறிப்பிட்ட கால வதிவுக்குப் பின் துணை என்ற தகுதியில் அவள் பிரஜாவுரிமைப் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம். எதிர்க்கரையில் வழி இத்துணை நேரானதன்று. 1983க்குப் பின் அகதிகளாகத் தமிழகம் சென்றோருள் மலையக வம்சாவளியினரும் பல்லாயிரவர் உளர். அவர்களுள் ஒருத்தி இந்தியக் குடிமகனை மணந்து அங்கேயே பிள்ளை பெற்றிருந்தாலும், இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு துணைவருக்கெனக் கேட்கும் 7 ஆண்டு வதிவு அவளுக்கு எளிதில் உதவுவதில்லை. உரிய ஆவணமின்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறி எனக் கொள்ளப்படுவதால், அவர் முகாமில் கழித்த 30 ஆண்டுகளும் அந்த 7 ஆண்டுகளுக்கு ஈடாவதில்லை. அவளுடைய பாட்டி திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்து கழுத்தில் தகர வில்லையுடன் புறப்பட்டவளாக இருக்கலாம். அந்த ஊரின் பெயர் அவளுடைய முகாம் அட்டையில் இல்லை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் நுவரெலியா என்றே எழுதப்பட்டிருக்கும்.